கடைசிப் படியில் என் பெயர்

போதகர் ஆசீர்வாதம் சொல்லி வாய் மூடுவதற்குள் பத்ரஸ் எழுந்து வெளியே போய், எங்கள் சபைக் கோயிலின் கடைசிப் படிக்குப் பக்கத்தில் நின்றுவிடுவார். இறங்கி வருகிற ஒருவரையும் விடமாட்டார். வலது கையை நீட்டி, அதன் முழங்கையை இடது கையால் தாங்கிக்கொண்டு, லேசாகக் குனிந்து "யீசு சகாய்" என்பார். கைப்பிள்ளை வந்தால் பிஞ்சு விரலைத் தொட்டு அதற்கும் ஒரு "யீசு சகாய்". கோயில் வாசலில் ஆடு மேய்க்க வருகிறவருக்கும் உண்டு.

விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் அவருக்கு வேலை. களிமண் கூழை அச்சில் ஊற்றிப் பொம்மை எடுக்க வேண்டும், சூளையில் அடுக்க வேண்டும், வெந்ததை இறக்க வேண்டும். ஜார்க்கண்டிலிருந்து ஊர்க்காரர்கள் நான்கு பேரோடு வந்தவர். வயது முப்பதுக்கு மேல் இருக்காது. நகக்கண்ணில் வெள்ளை மண் போகவே போகாது. அவருடைய தமிழ் முழுக்கப் பட்டறையில் கற்றது. மண்ணு, தண்ணி, தூக்கு, எறக்கு, ஒடஞ்சிபோச்சி. இந்த ஐந்தாறு சொல்லை வைத்துக்கொண்டு டீக்கடை, பஸ்ஸு, ஆஸ்பத்திரி எல்லாவற்றையும் சமாளித்துவிடுவார். பல்வலி வந்தபோது டாக்டரிடம் வாயைத் திறந்து காட்டி "ஒடஞ்சிபோச்சி, எறக்கு" என்றாராம். டாக்டருக்கு விளங்கிவிட்டது.

கோயிலில் முன்வரிசையில் உட்கார்ந்து எல்லாப் பாட்டையும் பாடுவார். எழுத்து தெரியாது, பொருள் தெரியாது. நாங்கள் பாடுவதைக் காதில் வாங்கி அரை அடி தள்ளிப் பாடுவார். நாங்கள் அடுத்த வரிக்குப் போயிருப்போம், அவர் முந்தைய வரியின் வாலைப் பிடித்துக்கொண்டிருப்பார். பாட்டு நடத்துகிறவன் நான். ஆர்மோனியமும் நான். தாளம் தப்பினால் எல்லோரும் என்னைத்தான் பார்ப்பார்கள். அவர் வந்த பிறகு தப்புகிற பழியைப் போட எனக்கு ஒரு ஆள் கிடைத்தது.

என் பெயர் ஏசுசகாயம். முதல் ஞாயிறு அவர் என் கையைப் பிடித்து "யீசு சகாய்" என்றதும் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஊருக்குப் புதிதாய் வந்த வடநாட்டுக்காரருக்கு என் பெயர் தெரிந்திருக்கிறது என்றால், என் பாட்டின் புகழ் எஸ்டேட் வரை எட்டியிருக்கிறது என்றுதானே பொருள்? அவர் மற்றவர்களிடமும் அதையே சொன்னது காதில் விழாமல் இல்லை. என்னைப் பற்றி விசாரிக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். உச்சரிப்பு மட்டும் உறுத்தியது. ஒரு ஞாயிறு நிறுத்தித் திருத்தினேன். "யீசு இல்லப்பா, ஏசு. சகாய் இல்ல, சகாயம். ஏசுசகாயம்." அவர் பக்தியோடு மூன்று முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு கடைசிப் படியில் எல்லோருக்கும் "ஏசுசகாயம்" கிடைத்தது. அந்த வாரமே டீக்கடை மாஸ்டருக்கும் பஸ் கண்டக்டருக்கும் கிடைத்துவிட்டது. கூட வந்த நான்கு பேரும் கற்றுக்கொண்டார்கள். கடைவீதியில் யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்களே என்று சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனால், அங்கே பத்ரஸ் வாழைப்பழக்காரரிடம் கை குலுக்கிக்கொண்டிருப்பார்.

கோயிலைப் பெருக்கி மணியடிக்கிற கமலம்தான் முதலில் கேட்டாள். பத்ரஸ் கை நீட்டினால் அவள் தன் கையை முந்தானைக்குள் சுற்றிக்கொள்வாள். "ஆம்பள கையப் புடிச்சி எனக்குப் பழக்கம் இல்ல" என்பாள். அன்று என்னிடம் வந்தாள். "ஏம்பா சகாயம், அந்தத் தம்பி ஒம் பேர சொல்லிக்கிட்டு எங்கிட்ட கைய நீட்டுது. நான் என்னாத்த சொல்றது? எம் பேர சொல்லட்டா?"

பதில் மங்கலம்பேட்டையில் கிடைத்தது. நான் எழுதி மெட்டமைத்த பாட்டு ஒன்று ஞாயிறன்று அரங்கேற இருந்தது. ஏழு சரணம். அதற்கு ஒரு ஜிப்பா வேண்டாமா? துணி எடுக்கப் போன கடையில் தாவூது பாய் இருந்தார். சவூதியில் பல வருடம் இருந்து இந்தி கற்றவர். விஷயத்தைச் சொன்னேன். அவர் கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"எங்க ரூம்ல ராஞ்சிக்காரன் ஒருத்தன் இருந்தான். ஃபோன எடுத்தாலே அதத்தான் சொல்லுவான். ஏசு ஒத்தாசையா இருப்பாருன்னு அர்த்தம். நம்ம சலாம் மாதிரி. அவன் ஒங்கள கூப்புடலைங்க." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒங்க பேருக்கும் அதான அர்த்தம்?" என்று கேட்டார்.

என் பெயருக்கு அர்த்தம் உண்டு என்பதே அதுவரை எனக்குத் தோன்றியதில்லை. ரேஷன் கார்டில் எழுத்துப்பிழை இல்லாமல் வந்தால் போதும் என்று இருந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பத்ரஸிடம் உண்மையைச் சொல்லித் திருத்திவிடுவது என்று முடிவு செய்தேன். திருத்துவதில் எனக்கு எப்போதுமே ஆர்வம் உண்டு.

அந்த ஞாயிறு போதகர் வேப்பூர்ப் பக்கத்துச் சபைக்குப் போயிருந்தார். ஆராதனையை நடத்தவேண்டியவன் நான். புது ஜிப்பாவில் ஆர்மோனியத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பத்ரஸ் வந்து நின்றார். கையில் ஈரத்துணியில் சுற்றிய பொட்டலம்.

"ஒடஞ்சிபோச்சி" என்றார்.

பொம்மை அச்சைச் சொல்கிறார் என்று நினைத்தேன். "எதுப்பா?"

"அப்பா. ஊர்ல. அப்பா ஒடஞ்சிபோச்சி." சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். "இப்ப மண்ணுல எறக்கு."

ராத்திரிதான் முதலாளியின் செல்போனுக்குச் செய்தி வந்திருக்கிறது. ரயில் ஏறியிருந்தாலும் மூன்றாம் நாள்தான் போய்ச் சேரமுடியும். அதற்குள் அடக்கம் முடிந்துவிடும். அவர் ஆர்மோனியத்தைத் தொட்டுக் காட்டி மெதுவாக ஒரு மெட்டை முனகினார். எனக்குத் தெரிந்த மெட்டு. அடக்க ஆராதனையில் நாங்கள் பாடுவது. எந்தக் காலத்து வெள்ளைக்காரப் பாதிரியோ அவர்கள் ஊரிலும் எங்கள் ஊரிலும் அதே மெட்டை விட்டுவிட்டுப் போயிருக்கிறார். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். அங்கே அப்பாவை இறக்குகிற நேரத்தில் இங்கே அந்தப் பாட்டு.

ஏழு சரணத்தையும் மடித்து ஆர்மோனியத்துக்கு அடியில் செருகினேன். சபையாரிடம் விஷயத்தைச் சொன்னேன். நாங்கள் தமிழில் பாட, அவர்கள் ஐந்து பேரும் தங்கள் மொழியில் பாடினார்கள். அன்று பத்ரஸ் பின்தங்கவில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டு முன்னால் போனார், நாங்கள் அரை அடி தள்ளி அவர் பின்னாலேயே போனோம். எனக்கு இரண்டு இடத்தில் கட்டை பிசகியது. பழியைப் போட ஆள் இல்லை.

பாட்டு முடிந்ததும் அவர் ஈரத்துணியைப் பிரித்தார். உள்ளே பட்டறைக் களிமண். ஒரு பிடி எடுத்து, பீடத்துக்குக் கீழே இருந்த குரோட்டன்ஸ் தொட்டியில் போட்டார். நான்கு பேரும் போட்டார்கள். எங்கள் ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு நான் போனேன், எல்லோரும் வந்தார்கள்.

இன்றைக்கு வாசலில் நிற்கமாட்டார் என்று நினைத்தேன். நின்றார். வலது கை நீண்டிருந்தது, முழங்கையை இடது கை தாங்கியிருந்தது. உதடு அசைந்தது, குரல்தான் வரவில்லை. வரிசையில் முதல் ஆள் நான். திருத்துவதற்கென்று யோசித்து வைத்திருந்ததை விட்டுவிட்டேன். அவர் கையைப் பிடித்து, என் பெயரை நானே சொன்னேன். "ஏசுசகாயம்."

எனக்குப் பின்னால் வந்தவரும் அதையே சொன்னார். அதற்குப் பின்னால் வந்தவரும். நான் படிக்குப் பக்கத்தில் நின்று, ஊரார் வாயில் என் பெயரைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒருவர்கூட என்னைப் பார்க்கவில்லை.

கடைசியாகக் கமலம் கதவைச் சாத்திவிட்டு இறங்கி வந்தாள். படியில் ஒரு நிமிஷம் நின்றாள்.

"ஏசுசகாயம், தம்பி" என்று சொல்லி, முந்தானையை உதறிக் கையை வெளியே எடுத்து, அவரிடம் நீட்டினாள்.