எத்தியோப்பியக் கடையில் மெற்றில்டா

கிறிஸ்துநாயகம் பேசாலையை விட்டு லண்டனுக்குப் புறப்பட்டபோது மெற்றில்டா பிள்ளைத்தாய்ச்சி. அது எண்பத்தாறாம் ஆண்டு. அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வந்து, அவளுக்கு விசா கிடைக்கத் தொண்ணூற்று நான்கு ஆகிவிட்டது. அதற்கிடையில் அவர்களுடைய மகன் யூட் பிறந்து, வளர்ந்து, மடு அகதி முகாமில் வயிற்றோட்டம் கண்டு இறந்தும்போனான். தகப்பன் அவனைப் படத்தில்தான் பார்த்திருந்தார்.

ஹவுன்ஸ்லோவில் ஓர் அறை எடுத்துக்கொண்டு, விமானங்களுக்குச் சாப்பாடு அனுப்பும் இடத்தில் கிறிஸ்துநாயகம் தட்டுக் கழுவினார். கூட நின்று கழுவியவர் தெஸ்ஃபாயே என்ற எத்தியோப்பியர். யூட்டின் சாவுச் செய்தி ஃபோனில் வந்த வாரம், கிங்ஸ் குரோஸ் பக்கம் இருந்த தங்கள் ஊர்ச் சாப்பாட்டுக் கடைக்கு அவர்தான் இவரைக் கூட்டிப்போனார். கடைக்காரி அல்மாஸ் விஷயத்தைக் கேட்டுவிட்டு, காசு வாங்காமல் சாப்பாடு போட்டாள். அதற்குப் பிறகு லீவு கிடைக்கும்போதெல்லாம் கிறிஸ்துநாயகம் அங்கே போனார்.

மெற்றில்டா வந்து சேர்ந்தபின் வீட்டில் பேச்சு அதிகமில்லை. ஹீட்டரைப் பற்றி, மீன் விலையைப் பற்றி, பூசை நேரத்தைப் பற்றிப் பேசினார்கள். மகனைப் பற்றி இருவருமே வாய் திறக்கவில்லை. வெளியே போனாலாவது அவள் முகம் தெளியாதா என்று ஒரு சனிக்கிழமை அவளை அல்மாஸின் கடைக்கு அழைத்துப்போனார்.

பெரிய தட்டில் தோசை போன்ற புளித்த இஞ்சராவை விரித்து, அதன்மேல் பருப்பும் முட்டைக்கோவாவும் கோழிக்கறியும் வைத்துக் கொண்டுவந்தார்கள்.

"ரண்டு பேருக்கும் ஒரே தட்டோ?" என்று மெற்றில்டா கேட்டாள்.

"ஓம். இவையளின்ர பழக்கம் அப்பிடி."

அவள் தன் பக்க ஓரத்தில் மட்டும் கொஞ்சம் பிய்த்துச் சாப்பிட்டாள். அதைக் கவனித்த அல்மாஸ் வந்து, ஒரு துண்டு இஞ்சராவில் கறியைச் சுற்றி அவள் வாயருகே நீட்டினாள்.

"வாயைத் திறவும். பிரியமான ஆக்களுக்கு இப்பிடித் தீத்தி விடுவினம்," என்றார் கிறிஸ்துநாயகம்.

மெற்றில்டா வாங்கி விழுங்கினாள். பிறகு அழத் தொடங்கினாள்.

"நான் யூட்டுக்கு இப்பிடித்தான் தீத்தினனான்," என்றாள். "கடைசியில கஞ்சித்தண்ணிதான். அதுவும் வயித்தில நிக்கேல்லை."

மொழி விளங்காவிட்டாலும் அல்மாஸ் அவள் தோளில் கைவைத்தபடி நின்றாள்.

இத்தனை காலமும் மனதில் கிடந்ததைக் கிறிஸ்துநாயகம் அப்போது கேட்டார்: "என்னைத் தேடினவனோ?"

மெற்றில்டா அவர் முகத்தைப் பார்த்தாள். "இல்லை. உங்களை அவனுக்குத் தெரியாதே. படத்தைக் காட்டினா மாமா எண்டுதான் சொல்லுவான்."

அவர் எழுந்து வெளியே போய்த் தெருவில் நின்றார். திரும்பி வந்தபோது அவள் தட்டில் கைவைக்காமல் காத்திருந்தாள்.

"சாப்பிடுங்கோ. ஆறிப்போச்சு," என்றாள்.

இருவரும் அந்த ஒரே தட்டில் சாப்பிட்டார்கள்.

அவர்களுக்கு வேறு பிள்ளை பிறக்கவில்லை. மெற்றில்டாவும் அவர் தட்டுக் கழுவிய இடத்திலேயே வேலைக்குச் சேர்ந்தாள். அடுத்த வருடம் யூட்டின் நினைவு நாளுக்குப் பூசை ஒப்புக்கொடுக்கப் பங்குக் கோயிலுக்குப் போனார்கள். பிள்ளை எப்படிப்பட்டவன் என்று பாதர் கேட்டார். கிறிஸ்துநாயகம் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவன் வெயிலில் செருப்புப் போட மாட்டான் என்றும், கோயில் மணியடித்தால் ஓடிப்போய் வாசலில் நிற்பான் என்றும் அவள் சொல்லிக்கொண்டே போனாள். பாதரோடு சேர்ந்து அவரும் கேட்டுக்கொண்டிருந்தார்.