மாமா மொழிபெயர்த்த பாட்டுகள்

டொரொன்டோவின் பார்க்டேலில் ஒரு கோப்பிக் கடை. பேட்டி ஒன்றுக்காகக் காத்திருந்தேன். கல்லாவில் நின்ற பெண்ணுக்கு இருபது வயது இருக்கலாம். நானே பிறப்பதற்கு முன் ஜப்பானில் பாடப்பட்ட காதல் பாட்டுகளை அவள் ஓடவிட்டிருந்தாள். இப்போது அவை இளையவர்களிடம் மறுபடி பரவியிருக்கின்றன. மூன்றாவது பாட்டு தொடங்கியதும் கோப்பையைக் கீழே வைத்தேன். அது எனக்கு முழுவதும் தெரியும். ஒன்பது வயதில், ஒரு சொல்லுக்கும் பொருள் தெரியாமல் மனப்பாடம் செய்தது. இரண்டாம் சரணம் முடியும்வரை நான் கோப்பையைத் தொடவில்லை.

அப்போது நாங்கள் ஸ்காபரோவில், ஒன்பதாம் மாடியில் இருந்தோம். அம்மாவின் தம்பி வந்து சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. வரவேற்பறை சோபாதான் அவருக்குப் படுக்கை. கனடாவுக்கு வருமுன் மூன்று வருடம் ஜப்பானில், ஒரு துறைமுக ஊரில், மீன் பதனிடும் தொழிற்சாலையில் வேலை செய்தவர். அங்கிருந்து கொண்டுவந்த பையில் இரண்டு சட்டைகளும் பதினொரு கசெட்டுகளும் இருந்தன.

காலையில் சவரம் செய்யும்போது பாடுவார். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறதென்று குளியலறைக் கதவுக்கு வெளியே நிற்கும் நான் கூடப் பாடுவேன். பொருள் கேட்டால் கதவுக்குள்ளிருந்தே பதில் வரும்.

"மழை பெய்யுதாம்."

"அதுக்குப் பிறகு?"

"கடைசி ரெயில் போயிட்டுதாம். துறைமுகத்தில விளக்கு எரியுதாம்."

"வேற ஒண்டும் இல்லையோ?"

"வேற என்ன வேணும்? உவங்களுக்கு எந்த நேரமும் மழைதானே."

ஜப்பானியர் வானிலை அறிக்கைக்கு மெட்டுப் போட்டுப் பாடுகிற மக்கள் என்று நான் நெடுநாள் நம்பியிருந்தேன்.

மாமாவின் அகதி வழக்கு நிலுவையில் இருந்தது. அவரை அனுப்பிவைத்த ஏஜென்ட், ஜப்பானில் இருந்ததைச் சொன்னால் 'அங்கேயே தஞ்சம் கேட்டிருக்கலாமே' என்று கேட்பார்கள், ஆகவே அந்த மூன்று வருடத்தை எழுதவே வேண்டாம் என்று சொல்லியிருந்தான். மாமா எழுதவில்லை. கொழும்பிலிருந்து நேரே வந்ததாகத் தாளில் இருந்தது. விசாரணைக்கு நாள் குறித்துக் கடிதம் வந்த அன்று அம்மா என்னைக் குளியலறைக்குள் கூட்டிப்போய், பக்கத்து வீட்டுக்குக் கேட்காதிருக்கக் குழாயைத் திறந்துவிட்டுச் சொன்னார்.

"ஜப்பான் எண்ட சொல் உன்ர வாயில வரக்கூடாது. வந்தால் மாமாவைத் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள். திருப்பி அனுப்பினால் ஆள் இல்லை. விளங்குதோ?"

விளங்கியது. 'ஆள் இல்லை' என்பதன் பொருள் எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியதில்லை. அந்த வாரம் வகுப்பில் தீவு நாடுகளின் பெயர்களைக் கேட்டபோது நான் ஜப்பானை விட்டுவிட்டுச் சொன்னேன். ஆசிரியை வரைபடத்தில் அதைச் சுட்டிக்காட்டி, "இது?" என்றார். தெரியாது என்றேன்.

விசாரணைக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது அம்மாவின் சிநேகிதியுடைய மகனின் பிறந்தநாள் வந்தது. ரூஜ் பக்கம் அவர்கள் வாங்கியிருந்த புது வீட்டின் நிலவறையில் கொண்டாட்டம். அப்பாவுக்கு வேலை. அம்மா, மாமா, நான் மூவரும் பஸ்ஸில் போனோம். கேக் வெட்டியதும் பிள்ளைகளை ஒவ்வொருவராக மைக்குக்கு முன்னால் தள்ளுவது எங்கள் ஆட்களின் வழக்கம். பாடத் தெரியாத பிள்ளை என்று ஒன்று இருக்க முடியாது. இருந்தால் அது தாயின் குற்றம். நான் ஒரு தேவாரம் தயார்பண்ணிக்கொண்டு போயிருந்தேன். எனக்கு முன்னால் போன பட்டுப்பாவாடைக்காரி அதே தேவாரத்தைப் பிழையில்லாமல் பாடிவிட்டு இறங்கினாள்.

"இப்ப நீ போ பிள்ளை," என்று அம்மா முதுகில் கை வைத்தார்.

எனக்கு முழுதாகத் தெரிந்த வேறு பாட்டு ஒன்றுதான். மைக்குக்குப் போகும் அந்த எட்டடியில் நான் சட்டப்படி யோசித்தேன். சொல்லக்கூடாது என்றது ஜப்பான் என்ற சொல்லை. பாட்டில் அந்தச் சொல் இல்லை. இருப்பது மழையும் ரயிலும். பாடத் தொடங்கினேன்.

நிலவறை அமைதியானது. அதை ரசனை என்று எடுத்துக்கொண்டேன். இரண்டாம் சரணத்தில் மூன்றாவது வரி வரவேண்டிய இடத்தில் எனக்கு ஒன்றும் வரவில்லை. மைக்கில் என் மூச்சு மட்டும் கேட்டது. அப்போது பின்னாலிருந்து, கடலை வடைத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற மாமா, அந்த வரியைப் பாடினார். சத்தமாக அல்ல. ஆனால் பிசகில்லாமல், சவரம் செய்யும்போது இழுக்கிற அதே இழுப்போடு.

கைதட்டினார்கள். முன்வரிசையில் இருந்த ஒருவர் மட்டும் தட்டவில்லை. திரும்பி மாமாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரை எல்லோரும் ட்ரான்ஸ்லேட்டர் அங்கிள் என்பார்கள். அகதி விசாரணைகளில் எங்கள் ஆட்கள் தமிழில் சொல்வதை ஆங்கிலத்தில் சொல்வது அவர் வேலை.

"உது என்ன பாஷை பிள்ளை?" என்று என்னைக் கேட்டார்.

"சைனீஸ், அங்கிள். ஸ்கூல்ல ஒரு பெட்டை சொல்லித்தந்தவ."

"அப்ப மாமாவும் அந்த ஸ்கூலோ?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார், கையில் இருந்த பேப்பர் கோப்பை மட்டும் நசுங்கியது.

பஸ்ஸில் வேறு தமிழர்கள் இருந்ததால் அம்மா பேச்சை வீடுவரை தள்ளிவைத்தார். கதவு பூட்டியதும் முதல் ஏச்சு எனக்கு விழுந்தது.

"உனக்கு உலகத்தில வேற பாட்டே கிடைக்கேல்லையோ?"

பிறகு மாமாவிடம் திரும்பினார். "அவள் சின்னப்பிள்ளை. நீ ஏன் வாயைத் திறந்தனீ?"

"தெரியேல்லை அக்கா. பாட்டு அப்பிடியே பாதியில நிண்டிட்டுது."

"நிண்டால் நிக்கட்டுமே! உன்ர உயிரைவிடப் பாட்டுப் பெரிசோ?"

மாமா கசெட்டுப் பையை எடுத்துக்கொண்டு நடைவழிக் கோடியில் இருந்த குப்பைக் குழாய்க்குப் போனார். நான் கதவிடுக்கில் நின்று கேட்டேன். கசெட்டுகளை ஒன்றாகக் கொட்டாமல் ஒவ்வொன்றாகப் போட்டார். ஒன்று அடியில் போய் விழும் சத்தம் கேட்டபிறகே அடுத்தது. என்மேல் உள்ள கோபத்தைத்தான் அப்படிக் காட்டுகிறார் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் எனக்கு மூத்திரம் முட்டியது. லிஃப்டில் கோட் போட்ட வெள்ளைக்காரர் யாராவது ஏறினால் எட்டாம் மாடியிலேயே இறங்கிப் படியால் ஓடிவந்து, மாமா சோபாவில் இருக்கிறாரா என்று பார்ப்பேன். இருப்பார். சவரம் செய்யும்போது பாடுவதை நிறுத்தியிருந்தார். தண்ணீர்ச் சத்தம் மட்டும் வரும்.

நான்காம் நாள் ட்ரான்ஸ்லேட்டர் அங்கிள் தொலைபேசியில் கூப்பிட்டார். மாமா முன்னறையில் எடுக்க, அம்மாவும் நானும் படுக்கையறைத் தொலைபேசியில் காது வைத்தோம்.

"தம்பி, உம்மட கேஸுக்கு என்னைத்தான் போட்டிருக்கினம். தெரிஞ்ச ஆக்களுக்குச் செய்யேலாது எண்டு விலகிட்டன். என்ர வாயால ஒண்டும் போகாது, பயப்பிடாதையும். ஆனா நான் நாள் முழுக்க உதுக்குள்ள இருக்கிறவன். ஒளிச்சது எப்பிடியும் வரும். அவை கேக்க முதல் நீராவே சொல்லிப்போடும்."

"ஓம் அண்ணை."

"அது போக, நல்லாத்தான் பாடுறீர்."

மறுநாளே மாமா லோயரிடம் போய், விட்டுப்போன மூன்று வருடத்தையும் சேர்த்தார். விசாரணையில் ஜப்பானைப் பற்றிச் சில கேள்விகள் கேட்டார்களாம். விசா இல்லாமல் வேலை செய்ததையும், பிடித்தால் திருப்பி அனுப்புவார்கள் என்று பயந்ததையும் மாமா சொன்னாராம். வழக்கு வென்றது. இப்போது பிக்கரிங்கில் இருக்கிறார். மனைவி, இரண்டு பிள்ளைகள், டொரொன்டோவுக்குக் காலை ரயில். பாடுவதை நான் பிறகு கேட்டதில்லை.

கோப்பிக் கடையிலிருந்து திரும்பியதும் அலுவலகத்தில் ஜப்பானிய மொழி தெரிந்த தோழியிடம் அந்தப் பாட்டின் பொருளைக் கேட்டேன். மழை பெய்கிறது. கடைசி ரயில் போய்விட்டது. ஆனால் ரயில் மேடையில் ஒருத்தி நிற்கிறாள். கையில் குடை இருந்தும் விரிக்காமல் நிற்கிறாள், விரிக்க வேண்டியவன் வரட்டும் என்று. மாமா எனக்கு எதையும் பிழையாகச் சொல்லவில்லை. ஆட்களை மட்டும் எடுத்துவிட்டிருந்தார்.

அன்றிலிருந்து, விட்டுப்போன மூன்று வருடத்துக்காக லோயர் தந்த தாளை நிரப்பிய அந்த மாலைப்பொழுதுதான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது. எங்கள் வீட்டில் எல்லோருடைய படிவங்களையும் நான்தான் நிரப்புவேன். என் ஆங்கில எழுத்து அழகு என்று பெயர். சாப்பாட்டு மேசையில் மாமா சொல்லச் சொல்ல எழுதினேன். ஊர், வீதி, தொழிற்சாலை எல்லாம் தடங்கலில்லாமல் வந்தன. அடுத்த கட்டத்தில், அந்த முகவரியில் உங்களுடன் வசித்தவர் யார் என்று கேட்டிருந்தது. வாசித்துச் சொன்னேன். மாமா தாளின் மூலையை மடித்து நிமிர்த்தினார். அடுப்படியில் அம்மா கறியைக் கிண்டுவதை நிறுத்தியது கேட்டது.

மாமா பெயரை மறந்துவிட்டார் என்று நினைத்து உதவ முயன்றேன்.

"எழுத்து மட்டும் சொல்லுங்கோ மாமா. நான் கண்டுபிடிச்சு எழுதுறன்."

"கே," என்றார். எழுதினேன். "ஐ." எழுதினேன்.

பேனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். மாமா அடுப்படிப் பக்கம் பார்த்தார். பிறகு மேசையைப் பார்த்தார்.

"அழி பிள்ளை. தனிய எண்டு எழுது."

வெள்ளை மைப் போத்தலைக் கொண்டுவந்து அந்த இரண்டு எழுத்துகளின்மேலும் பூசினேன். ஊதினேன். காய்வதற்குள் எழுதிவிட்டதால் புதிய சொல்லின் முனை கொஞ்சம் கலங்கிவிட்டது. மாமா கையெழுத்து வைத்துத் தாளை உறையில் போட்டார். அன்று நான் தூங்கவில்லை. அதிகாரி தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார், அடியில் இருக்கும் இரண்டு எழுத்துகளும் தெரியும், நான் ஒழுங்காக அழிக்காததால் மாமாவைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று விடியும்வரை பயந்துகொண்டிருந்தேன்.