மலையாளப் பேப்பர் மேல் இருந்த கத்திரி

என்னிடம் இன்றைய தேதிக்கு முப்பத்தொரு பேனாக்கத்திகள் இருக்கின்றன. பேனாக்கத்தி என்றால் வெறும் கத்தியில்லை. கத்தி, கத்திரி, அரம், திருப்புளி, பாட்டில் திறப்பான் எல்லாம் மடங்கி ஒரே பிடிக்குள் ஒடுங்கிக் கிடக்குமே, அது. இப்போது மல்டிடூல் என்கிறார்கள். இத்தனை ஆயுதம் வைத்திருக்கிற மனிதர் வீட்டில் ஒரு தேங்காய் உடைத்துத் தந்ததில்லை என்று என் மனைவி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். வாஸ்தவம்தான். தேங்காய் உடைத்தால் கத்தி என்னத்துக்கு ஆகும்?

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் ஒரு காப்பிக்கடை மாடியில், என்னைப் போன்ற பைத்தியங்கள் பத்துப் பேர் கூடுகிறோம். ஆளுக்கொரு துண்டை விரித்து அவரவர் சரக்கைப் பரப்புவோம். ஒருவர் கத்தியை இன்னொருவர் எடுத்து, திறந்து, காதோரம் வைத்து மூடிப் பார்ப்பார். 'டக்' என்று விழவேண்டும். அந்த 'டக்'கைப் பற்றி அரை மணி நேரம் பேசுவோம். முதல் தடவை இந்தக் காட்சியைப் பார்த்த சர்வர், திரும்பக்கூட இல்லை, ட்ரேயோடு பின்பக்கமாகவே படியிறங்கிப் போனார்.

அந்தத் துண்டின்மேல் நான் வைக்காத கத்தி ஒன்று எப்போதும் என் பையில் இருக்கும். வீட்டி மரப் பிடி போட்டது, ரோஸ்வுட் என்பார்களே, அது. என் மாமாவுடையது. பதினொரு வயதில் நான் செய்த திருட்டுக்கு அதுதான் சாட்சி. போன மாதம் வரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாமா, அம்மாவின் தம்பி. கல்யாணம் ஆகாதவர். கரமனையில் எங்களோடுதான் இருந்தார். அரசாங்க ஆபீஸில் டைப்பிஸ்ட். எதையும் கழற்றாமல் அவரால் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியாது. நன்றாக ஓடுகிற கடிகாரத்தைக்கூட, இது எப்படி இவ்வளவு நன்றாக ஓடுகிறது என்று பார்ப்பதற்காகக் கழற்றுவார். அதன்பிறகு அது அப்படி ஓடாது.

நாலு வீடு தள்ளி மின்சார இலாகா ஓவர்சியர் ஒருவர் வாடகைக்கு இருந்தார். மலையாளி. தெருவே பார்த்து வியக்கும்படியான மீசை. எங்களிடம் அவர் பேசியதைத் தமிழ் என்று அவர் நம்பினார், நாங்களும் மறுக்கவில்லை. அவருடைய மைத்துனர் கல்ஃபிலிருந்து வரும்போது ஒரே மாதிரி இரண்டு சிவப்புப் பேனாக்கத்திகள் கொண்டுவந்தார். ஒன்றைத் தான் வைத்துக்கொண்டு மற்றதை மாமாவுக்குக் கொடுத்தார் ஓவர்சியர். "ரெட்டைப் பிள்ளையாக்கும் சாமீ. ஒண்ணு என்கிட்ட, ஒண்ணு உங்ககிட்ட வளரட்டும்" என்றார்.

அதிலிருந்து ஞாயிறு தவறாமல், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, எங்கள் கொல்லையில் பலாமரத்தடித் துவைக்கிற கல்லில் துண்டு விரிக்கப்படும். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து கத்திகளை ஒப்பிடுவார்கள். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே அச்சு, ஒரே பெட்டியில் வந்தவை. ஆனாலும் ஒரு மணி நேரம் ஒப்பிடுவார்கள். என்னுடைய அரம் கொஞ்சம் கூர் ஜாஸ்தி, உங்களுடைய ஸ்பிரிங் கொஞ்சம் கெட்டி. முடிவில் ஓவர்சியர் தன் கத்திரியால் மீசையின் இடது பக்கத்தையும் மாமாவின் கத்திரியால் வலது பக்கத்தையும் திருத்திக்கொண்டு, "ரெண்டும் ஒண்ணுதன்னே, சாமீ" என்று தீர்ப்புச் சொல்லுவார். பிறகு காப்பி.

இது போட்டி என்றுதான் எனக்குத் தோன்றியது. இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்தால் ஒருவர் ஜெயிக்க வேண்டும், இன்னொருவர் தோற்க வேண்டும். வேறு எதற்கு உட்காருவார்கள்? நான் மாமா கட்சி.

ஒருநாள் மேஜை ஃபேனைக் கழற்றும்போது, கையில் வேறொன்றும் அகப்படாமல், அந்தச் சின்னக் கத்திரியாலேயே உள்ளிருந்த கம்பியை வெட்டினார் மாமா. கத்திரி வாயின் நடுவில் அரிசி நுனி அளவுக்கு ஒரு பல் விழுந்துவிட்டது. பார்த்தால் தெரியாது, மெல்லியதாக ஏதாவது வெட்டினால் அந்த இடத்தில் பிடிக்கும். அதைப் பார்த்த ஒரே ஆள் நான்.

"ஓவர்சியர்கிட்ட மூச்சு விடப்படாது, கேட்டியா? ஆசையாக் கொடுத்த மனுஷன்" என்றார்.

அடுத்த ஞாயிறு ஓவர்சியர் கை நீட்டியபோது, "கத்திரிக்கு எண்ணெய் போட்டிருக்கேன், மீசையெல்லாம் ஒட்டிக்கும்" என்றார். அதற்கடுத்த ஞாயிறும் எண்ணெய். பாவம் ஓவர்சியர், மீசையின் இரண்டு பக்கத்தையும் தன் கத்திரியாலேயே வெட்டிக்கொண்டார். மாமா பலாமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. ஒவ்வொரு வாரமும் நம் கட்சி தோற்கிறதே!

இந்தச் சமயத்தில் ஓவர்சியரின் கத்தியில் சிவப்புப் பிடி கீறல் விட்டது. உடைந்த சாய்வுநாற்காலி ஒன்றின் வீட்டி மரக் கையை மாமா வெகுநாளாகப் பத்திரப்படுத்தியிருந்தார். இரட்டைப் பிள்ளைகளுக்கு ஒரே மாதிரி சட்டை தைத்துவிடலாம் என்றார். ஓவர்சியர் யோசிக்காமல் தன் கத்தியைக் கொடுத்தார். நான் இன்று வரைக்கும் என் கத்தியைக் கழற்ற யாருக்கும் அப்படிக் கொடுத்ததில்லை.

மாமா ஆணிகளைத் தட்டியெடுத்து இரண்டையும் தகடு தகடாகப் பிரித்தார். கலந்துவிடாமலிருக்க, தன்னுடைய துண்டுகளைத் தமிழ்ப் பேப்பர் மேலும், ஓவர்சியருடையதை மலையாளப் பேப்பர் மேலும் வரிசையாகப் பரப்பினார். "யாரும் தொடப்படாது" என்றுவிட்டு மறுநாள் ஆபீஸ் போனார்.

அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் சமரம், அதாவது ஸ்டிரைக். திருவனந்தபுரத்தில் படித்தவர்களுக்குத் தெரியும்: முதல் பீரியடில் கோஷம் கேட்கும், இரண்டாவது பீரியடில் வீட்டில் இருப்போம். அம்மா குளிக்கப் போயிருந்தாள். மேஜையின் மேல் இரண்டு கத்திரிகள், பக்கத்துப் பக்கத்துப் பேப்பரில். ஒன்றில் பல் விழுந்திருந்தது. நான் நீதியை நிலைநாட்ட மூன்று வினாடிதான் ஆயிற்று. மலையாளப் பேப்பரிலிருந்த கத்திரி தமிழுக்கு வந்தது. தமிழிலிருந்தது மலையாளத்துக்குப் போயிற்று.

சாயங்காலம் மாமா மேஜை விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நான் வாசற்படியில் கணக்கு நோட்டை விரித்து வைத்து, ஒரே கணக்கை ஆறு தடவை போட்டேன். ஆறு விடை வந்தது. மாமா கத்திரியை எடுத்தார். விளக்கில் காட்டினார். மலையாளப் பேப்பரைப் பார்த்தார். மறுபடி கத்திரியைப் பார்த்தார். என் பக்கம் திரும்பவில்லை. அவர் திரும்புவதற்குள் நான் எழுந்துவிட்டேன். கொல்லைக் கழிவறைக்கு ஓடித் தாழ் போட்டுக்கொண்டேன்.

உள்ளே உட்கார்ந்தபடி மேஜைச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன். அரம் ஓடுகிற சத்தம். கீச்சென்று, சன்னமாக, விட்டு விட்டு. வீட்டி மரத்தை ராவுகிறார், தப்பித்தோம் என்று நினைத்தேன்.

"உள்ளே என்னடா பண்றே, குடித்தனமா நடத்தறே?" என்று அம்மா கதவைத் தட்டினாள்.

நான் வெளியே வந்தபோது இரண்டு கத்திகளும் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, பித்தளை ஆணி மின்ன, பக்கத்தில் பக்கத்தில் படுத்திருந்தன. மாமா பேப்பர்களை மடித்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஓவர்சியர் கத்தியைக் கையில் வாங்கி, கன்னத்தில் வைத்துக்கொண்டார். "என்னொரு அழகு சாமீ! கல்யாணப் பெண்ணு தன்னே!" திறந்தார், மூடினார், திறந்தார். பிறகு வழக்கம்போல் கத்திரியை எடுத்து இடது மீசைக்குக் கொண்டுபோனார்.

"அய்யோ!"

மயிர் சிக்கி இழுத்துவிட்டது. அவரே சிரித்தார். மறுபடி வைத்தார். மறுபடியும் அதே இடத்தில் பிடித்தது. கத்திரி வாயை நகத்தால் தடவிப் பார்த்தார். "சாமீ, உங்களுடையது தாங்க" என்று கை நீட்டினார்.

மாமா எண்ணெய் என்று சொல்லவில்லை. கொடுத்தார்.

வலது மீசை வழுக்கிக்கொண்டு வெட்டுப்பட்டது. ஓவர்சியர் வெட்டுவதை நிறுத்தினார். இரண்டு கத்திரிகளையும் விரித்து, வானத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. எனக்கு ஒரு பரீட்சை நேரம். பிறகு இரண்டையும் மூடி, மாமாவுடையதை மாமாவின் முன்னால் மெதுவாக வைத்தார்.

"ரெண்டும் ஒண்ணுதன்னே, சாமீ."

துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். மீசையின் ஒரு பக்கம்தான் திருத்தமாக இருந்தது. அம்மா கொண்டுவந்த காப்பியில் ஒன்று கல்லின்மேல் ஆறிக்கிடந்தது.

அன்று சாயங்காலம், விளக்கேற்றுகிற நேரத்தில், எங்கள் வீட்டில் கரண்ட் போயிற்று. தெருவுக்கே போயிற்று என்பது பிற்பாடு தெரிந்தது. எனக்கு எங்கள் ஃபேன் நின்றது மட்டும்தான் தெரிந்தது. பிடுங்கிவிட்டார்! மின்சார இலாகாவின் மீசையோடு விளையாடினால் விடுவார்களா? இனி ஆயுசு முழுக்க இந்தக் குடும்பம் இருட்டில்தான். ஏன் என்று தெரு கேட்கும். கிழக்கேகோட்டைக்கு பஸ் ஏறிக் கோயில் வாசலில் சாமியாராக உட்கார்ந்துவிடலாம் என்று பார்த்தேன். சாமியாருக்குச் சாயங்கால டிபன் உண்டா என்பதில்தான் தெளிவில்லை. இருட்டில் தடவிக்கொண்டு போய் மாமாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டேன்.

"நான்தான் மாமா. நான்தான் கத்திரியை மாத்தி வெச்சேன். ஓவர்சியர்கிட்ட போய்ச் சொல்லிடறேன். கரண்டைக் குடுக்கச் சொல்லு."



"நீ ஒண்ணும் பண்ணலைடா" என்றார் மாமா.

"நான் போய்ச் சொல்லட்டுமா?"

"வேண்டாம்."

அவ்வளவுதான். நானும் போகவில்லை. வேண்டாம் என்ற பிறகு வற்புறுத்துகிற பிள்ளையா நான்?

ஓவர்சியர் அப்புறம் எங்கள் கொல்லைக்கு வரவில்லை. சண்டையில்லை. தெருவில் பார்த்தால் இருவரும் "ஆங்" என்று தலையசைப்பார்கள். அடுத்த வருஷம் அவருக்கு மாற்றலாயிற்று. அவர் வீட்டு வாசலில் லாரியில் சாமான் ஏற்றுகிற அன்று மாமா லீவு போட்டுவிட்டு, அறைக்குள்ளேயே உட்கார்ந்து, கெட்டுப்போகாத ரேடியோவைக் கழற்றிக்கொண்டிருந்தார். அந்தப் பேனாக்கத்தியை அதன்பிறகு அவர் திறந்து நான் பார்த்ததில்லை. மாமா காலமான பிறகு அது எனக்கு வந்தது.

என்னைக் காப்பாற்றுவதற்காக மாமா தன் ஒரே சிநேகிதரை இழந்தார். நாற்பது வருஷமாக இதுதான் என் கதை. நான் கோமாளியல்லவா, நாலு பேர் கூடினால் இதைச் சொல்லிச் சிரிக்க வைப்பேன். ஆறு விடை, பாதி மீசை, கரண்ட் கட், எல்லாவற்றுக்கும் சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும் எனக்கு மட்டும் வாய் கசக்கும்.

போன மாதம் கூட்டத்துக்கு வந்தபோது அந்தக் கத்தி திறக்க மறுத்தது. பித்தளை ஆணியில் களிம்பேறியிருந்தது. எங்களில் ஒருவர் விழிஞ்ஞம் துறைமுகத்தில் கிரேன் மெக்கானிக், தூத்துக்குடிக்காரர். நான் நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு கத்தியை அவரிடம் நீட்டினேன். துண்டின்மேல் வைத்து ஆணிகளைத் தட்டி, தகடு தகடாகப் பிரித்தார். லென்ஸை எடுத்துக் கண்ணில் வைத்தார்.

"அண்ணாச்சி, இது இந்தக் கத்தியோட சொந்தக் கத்திரி இல்ல."

"தெரியும். பதினொரு வயசுல நான்தான் மாத்தி வெச்சேன். பெரிய கதை, சொல்றேன் கேளுங்கோ" என்று ஆரம்பித்தேன்.

"மாத்தி மட்டும் வெச்சிருந்தா மடங்கியே இருக்காது அண்ணாச்சி. ஒரே அச்சா இருந்தாலும் ஒவ்வொண்ணும் அதது ஸ்பிரிங்கோட தேஞ்சு பழகியிருக்கும். புதுசா ஒண்ணை வெச்சா தூக்கிக்கிட்டு நிக்கும். இங்க பாருங்க, கத்திரியோட அடியில. யாரோ பொறுமையா உக்காந்து, இதுக்குத் தக்கன ராவி எடுத்திருக்காங்க. என்னா கை! நீங்களா செஞ்சீங்க?"

லென்ஸை வாங்கிப் பார்த்தேன். கத்திரி ஸ்பிரிங்கில் உட்காருகிற மூலையில், சாய்வாக, ஒரே சீராக, அரக் கோடுகள். மாமா டைப் அடித்த காகிதத்தில் வரிகள் இருப்பதுபோல.

மரத்தை ராவினால் கீச்சென்று சத்தம் வராது. முப்பத்தொரு கத்தி வைத்திருக்கிறேன், நானே எத்தனையோ பிடி ராவியிருக்கிறேன்; இது என் மண்டையில் ஒரு நாளும் ஏறவில்லை. கழிவறைக்குள் நான் தாழ் போட்டுக்கொண்டு கேட்டது எஃகுச் சத்தம்.

நல்ல கத்திரியை எடுத்து மறுபடி மலையாளப் பேப்பர் மேல் வைக்க மாமாவுக்கு மூன்று வினாடி போதும். அதற்குப் பதிலாக அரம் அத்தனை நேரம் ஓடியது.

கதையைச் சொல்லுங்கள் அண்ணாச்சி என்றார் மெக்கானிக். ஒன்றுமில்லை, ஆணியைப் போடுங்கள் என்றேன். அவர்களுக்கு ஆச்சரியமாக இருந்திருக்கும். நான் ஒரு கதையைச் சொல்லாமல் விடுவது அதுதான் முதல் தடவை.

அன்று சாயங்காலம் மாமா என் காதைப் பிடித்து ஓவர்சியர் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போயிருக்கலாம். பொடியன் செய்த வேலை என்று சொல்லியிருந்தால், அந்த மனுஷர் இன்னொரு காதைப் பிடித்துத் திருகி, சிரித்து, அடுத்த ஞாயிறு பாதி மீசையைக் காட்ட வந்திருப்பார். குற்றத்தை ஒப்புக்கொள்ள ஆள் தயாராக வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றது. வேண்டாம் என்றார். நீ ஒண்ணும் பண்ணலைடா என்றார். என்னை மன்னிக்கிறார் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

அவர் அதைச் சொன்ன கொஞ்ச நேரத்தில் கரண்ட் வந்துவிட்டது. அப்போது மாமாவின் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. நான் ஃபேன் சுற்றுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.