மூசிக்கரை லைன் பேச்சு

போன வாரம் மெட்டுகுடா மெட்ரோ நிலையத்தில் அக்கா ஒரு பிளாட்பாரத்திலும் நான் எதிர்ப் பிளாட்பாரத்திலும் நின்றுகொண்டிருந்தோம். என் வீட்டில் சாப்பிட்டுவிட்டு அவள் தன் வீட்டுக்குப் போகிறாள். நான் வேறு வேலையாக எதிர்த்திசையில் போகிறேன். நடுவே இரண்டு தண்டவாளங்கள். கீழே சாலையில் ஹாரன் சத்தம், தலைக்கு மேலே மூன்று மொழிகளில் மாறி மாறி அறிவிப்பு. அந்த அமளியில் அக்கா வாயை மட்டும் அசைத்து, ஓசையே இல்லாமல் கேட்டாள்: "கேஸ அணைச்சியா?"

"அணைச்சிட்டேன்" என்று நானும் அப்படியே சொன்னேன்.

"மோட்டாரு?"

கிளம்பும்போது ஒவ்வொரு சுவிட்சையும் தொட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்புகிற ஆள் நான். அன்றைக்குப் பார்த்து மோட்டார் விட்டுப்போயிருந்தது. நான் விழிப்பதற்குள் அக்காவின் மகள் அவள் தோளைத் தொட்டு, "கைக்கு மம்மி, போன் ஹை நா?" என்றாள். போன் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்கிறாள்; அவள் உதட்டையும் என்னால் படிக்க முடிந்தது. என் பக்கத்தில் நின்ற இளம்பெண் காதில் செருகியிருந்ததை எடுத்துவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் பார்த்தது எனக்கு என்னவோ போலிருந்தது. ஏன் என்று சொல்ல, உங்களைக் கொஞ்சம் மூசிக் கரைக்குக் கூட்டிப்போக வேண்டும்.

ஹைதராபாத்தைத் தாண்டி மூசி ஆறு கிழக்கே போகிற வழியில் ஒரு நூல் மில் இருந்தது. அதன் பின்னால், ஆற்றை ஒட்டி, ஓடு போட்ட லைன் வீடுகள். கோயமுத்தூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த சில குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. அப்பா ரிங் ஃபிரேம் என்கிற நூற்பு மெஷினுக்கு ஃபிட்டர். அம்மா வைண்டிங்கில், நூலைக் கூம்புகளில் சுற்றுகிற பகுதியில். ஆறு என்றதும் படித்துறையையும் தெளிந்த நீரையும் நினைத்துக்கொள்ளாதீர்கள். நகரம் குளித்து, துவைத்து, கழுவிவிட்டதெல்லாம் எங்கள் வாசல் வழியாகத்தான் போயிற்று. கரையில் எருமைகளுக்காகப் புல் வளர்த்தார்கள். அவ்வளவு பச்சையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. மழைக்காலத்தில் தடுப்பணையிலிருந்து வெள்ளை நுரை பறந்து வந்து கொடியில் காயும் துணிமேல் உட்காரும். ஆற்றின் நாற்றத்தைப் பற்றி விருந்தாளிகள்தான் பேசுவார்கள். எங்கள் மூக்கில் நின்றதெல்லாம் பஞ்சுத் தூசியும் மெஷின் எண்ணெயும் கலந்த வாசனை. இப்போதும் தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டால் அம்மா பக்கத்தில் வந்து நிற்பது போலிருக்கும்.

மில்லுக்குள் யாரும் யாரிடமும் கத்திப் பேச முடியாது, கத்தினாலும் கேட்காது. அதனால் எல்லோரும் உதட்டால் பேசினார்கள். தமிழ், தெலுங்கு, உருது மூன்றும் அதில் கலந்திருந்தன. வேண்டாம் என்பதற்கு மட்டும் அத்தனை பேரும் 'நக்கோ' என்றார்கள். உதடு குவிவது தூரத்திலிருந்தே தெரியும். ஷிப்ட் முடிந்து வந்தாலும் பழக்கம் விடாது. குழாயடியில் நின்று கடைசி வீட்டுக்காரியிடம் சாம்பாருக்குப் புளி கேட்பார்கள். ஒரு குரல் எழும்பாது. அந்த லைனுக்கென்று ஒரு மரியாதையும் இருந்தது. இரண்டு பேர் அப்படிப் பேசிக்கொண்டால் மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். பார்த்துக்கொண்டு நிற்பது ஒட்டுக்கேட்பதற்குச் சமம். அதற்காக நான் அம்மாவிடம் வாங்கிய குட்டுகள் அநேகம்.

பிறகு மில்லை மூடினார்கள். இரைச்சல் நின்ற பிறகுதான் அம்மாவுக்குக் காது போயிருந்தது வெளியே தெரிந்தது. அதுவரை யாரும் அவளிடம் குரலால் பேசியதே இல்லை அல்லவா?

அக்காவை முதலில் பார்க்க வந்தவர்கள் அம்மாவிடம் ஏதோ கேட்டு, பதில் வராமல், திரும்பவும் கேட்டார்கள். வீடு திரும்பியதும் ஆள்விட்டுச் சொல்லி அனுப்பினார்கள்: "பரம்பரைச் செவிடா இருந்தாப் பொறக்கற கொழந்தைக்கும் வருமுங்க." அதற்குப் பிறகு வந்தவர்களுக்கும் அந்தச் செய்தி எப்படியோ எட்டியது. லாலாகுடாவிலிருந்து ரயில்வே ஒர்க்‌ஷாப் மாப்பிள்ளை வருகிறார் என்றதும் அம்மா, "நான் புல்லுக்காட்டுப் பக்கம் போயிடறன். ஒடம்பு சரியில்லன்னு சொல்லிருங்க" என்றாள். அக்கா அவள் முன்னால் போய் நின்று, ஒவ்வொரு சொல்லாக வாயசைத்தாள்: "நீ உக்காரலீன்னா நானும் வரமாட்டேன்."

அப்பாதான் வழி சொன்னார். சின்னவளைக் காட்டக் கூடாது என்று எப்படியும் என்னைச் சமையலறையில்தான் வைத்திருப்பார்கள். விருந்தாளிகளின் நாற்காலிகளைச் சமையலறைக்கு முதுகு காட்டிப் போடுவது. அம்மா அவர்களுக்கு எதிரே உட்காருவாள்; மில் பேச்சு பழகாதவர்களின் அவசர உதடு அவளுக்குப் பிடிபடாது. அவர்கள் சொல்வதை நான் கதவோரம் நின்று உதட்டால் அவளுக்குச் சொல்ல வேண்டும்.

நன்றாகத்தான் நடந்தது. மாப்பிள்ளையின் அப்பா தாராளமாகப் பேசினார். "நமக்கு நகை நட்டெல்லாம் நக்கோங்க. புள்ளைக ஒத்துமையா இருந்தாப் போதும். ஹவ் கி நை, ஆமாவா இல்லீங்களா?" நான் சுருக்கிச் சொல்ல, அம்மா சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்து, "ஆமாங்க" என்றாள். மாப்பிள்ளையின் அம்மா மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. நேரே பார்த்தபடி தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். கொஞ்சம் தைரியம் வந்ததும் நான் சொந்தச் சரக்கையும் சேர்த்தேன்: "அந்தம்மா வாயே தொறக்கல பாரு. ஒரே ஜம்பம்."

அம்மாவுக்குப் பக்கத்தில் கண்ணாடி பதித்த பீரோ நின்றது. அதை நாங்கள் மூவருமே யோசிக்கவில்லை. கண்ணாடிக்குள் அந்த அம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் உதடுகள் ஓசையின்றி அசைந்தன: "மெதுவாச் சொல்லு அம்முணி. எனக்குங் காது கேக்காது. உன்னயப் பாத்துத்தான் நானுந் தலையாட்டிட்டு இருக்கறன்."

என் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. அந்தச் சத்தம் அவர்கள் இருவருக்கும் கேட்கவில்லை.

அவர் அம்மாவின் பக்கம் திரும்பினார். "நீங்க எந்த டிபார்ட்மெண்டுங்க?"

அம்மாவும் ஓசையில்லாமல் சொன்னாள்: "வைண்டிங்."

"நான் ரீலிங். கண்ணாலத்துக்கு முன்னால, கோயமுத்தூருல."

ரயில்வே குவார்ட்டர்ஸில் மில்லுக்குப் போனதைச் சொன்னால் மதிப்பு குறையும் என்று அத்தனை வருடம் அவர் வெளியே சொல்லிக்கொண்டதே இல்லையாம். ஆண்கள் முகூர்த்தம் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, இவர்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து வாயைத் திறந்து திறந்து மூடினார்கள். காபித் தட்டோடு வந்த அக்கா அதைப் பார்த்தாள். தட்டை வைத்தாள். வளர்ந்த வளர்ப்பு சும்மா விடுமா? முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாள். மாப்பிள்ளை கலங்கிப்போய்விட்டார். "பொண்ணு பாக்கப் போனா செவுத்தப் பாத்துட்டு நின்னாளே, புடிக்கலயோன்னு பஸ்ஸு பூரா எனக்கு ஒரே கவல" என்று மாமா இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார். தினமும் டைரி எழுதும் நான், அன்றைய பக்கத்தில் கேசரி கொஞ்சம் கட்டி தட்டியதை மட்டும் குறித்துவைத்திருக்கிறேன்.

அதற்குப் பின் எந்தக் கல்யாண மண்டபத்துக்குப் போனாலும் இரண்டு சம்பந்திகளும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து, நாதஸ்வரத்தையும் மைக்கையும் தாண்டி, சாப்பாட்டில் உப்பில்லை என்பதுவரை பேசி முடித்துவிடுவார்கள்.

லைன் வீடுகளை இடித்தபோது அம்மா என்னோடு வந்துவிட்டாள். கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில், தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தாள். உள்ளே யாரையும் விடவில்லை. அக்காவின் மாமியார், எங்கள் அத்தை, வந்தார். கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று வாயசைத்தார். படுத்திருந்த அம்மாவும் வாயசைத்தாள். நர்ஸுக்கு அதில் ஆட்சேபிக்க ஒன்றுமில்லை. அங்கே ஒரு சத்தமும் இல்லை. அம்மாவின் முகம் எங்கள் பக்கமாகத்தான் இருந்தது. அக்காவும் நானும் நினைத்திருந்தால் அத்தனையையும் படித்திருக்கலாம். இருவரும் திரும்பி, லிப்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அம்மா கடைசியாகப் பேசியது அதுதான். அத்தையிடம் நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இரண்டு வருடம் கழித்து அவரும் போய்விட்டார்.

லைன் இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி. ஆற்றைப் பார்த்த பால்கனிகளையெல்லாம் நாற்றத்துக்காகக் கண்ணாடி போட்டு மூடியிருக்கிறார்கள்.

பிளாட்பாரத்தில் அந்த இளம்பெண் இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவள்மேல் குற்றமில்லை. அக்காவின் மகளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"மோட்டார் ஓடிட்டு இருந்தா டேங்க் வழியும். நான் திரும்பி வரட்டா?" என்றாள் அக்கா.

"நக்கோ. நானே போறேன்" என்றேன்.

அவள் சிரித்தாள். பிறகு அம்மாவைப் பற்றி ஒன்று சொன்னாள். அவ்வளவு ஜனத்துக்கு நடுவில், எல்லோரும் பார்க்கச் சொன்னாள். முகத்தைத் திருப்பிக்கொள்ள ஒருவரும் இல்லை.