சுகிர்தா அக்காவின் ஒற்றை வெடி

செய்தி வந்தபோது ஒருவரின் முழங்காலை மடக்கிப் பிடித்திருந்தேன். பிசியோதெரபி வேலையில் அதைப் பாதியில் விட முடியாது. மேசைமேல் கிடந்த போனில் சுகிர்தா அக்காவின் மகள் மாயாவின் பெயர் வந்தது. நாங்கள் குடியேறிய இந்த நாட்டில் பிறந்த பிள்ளை, ஆங்கிலத்தில்தான் எழுதியிருந்தாள். அம்மா காலையில் போய்விட்டார், கடைசியில் வலி இருக்கவில்லை, நானும் அப்பாவும் பக்கத்தில் இருந்தோம். அந்த மனிதரின் காலை மெதுவாக இறக்கி வைத்து, வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சியைச் சொல்லி அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். புற்றுநோய் என்று தெரிந்த நாளிலிருந்தே எதிர்பார்த்ததுதான். எதிர்பார்த்திருந்தால் அழுகை குறையும் என்று சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை.

யாழ்ப்பாணத்துக்காரர்கள் முப்பத்தோராம் நாளில் நினைவு மலர் ஒன்று அச்சடித்து வந்தவர்களுக்கெல்லாம் கொடுப்பார்கள். எங்கள் திருநெல்வேலிப் பக்கம் அந்தப் பழக்கம் இல்லை. அந்த மலருக்கு நான் ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்று அக்காவின் கணவர் கணேசன் அண்ணா கேட்டார். மறுநாளே அவருடைய தமையனார் போன் செய்தார். "தங்கச்சி, நீங்கள் வடிவா எழுதுவீங்கள் எண்டு தம்பி சொன்னவன். கோயில் தொண்டு, பார்மசி வேலை, பிள்ளையை வளத்தது எல்லாம் எழுதுங்கோ. அந்தத் துவக்குக் கதையை மட்டும் விட்டிடுங்கோ." துவக்கு என்று அவர்கள் சொல்வது துப்பாக்கியைத்தான். ஏன் என்று கேட்டேன். "எங்கட சனம் துவக்கால பட்டது காணும். செத்த பிறகாவது அவவுக்கு அந்தப் பேர் வேண்டாம்" என்றார். சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. கெட்ட மனிதர் இல்லை.

ஆனால் அக்கா இதை முன்பே கணித்திருந்தார். மருத்துவமனையிலிருந்து கடைசியாக வீட்டுக்கு வந்த வாரம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் செத்தா இவை என்னைச் சாமியாக்கிப் போடுவினம். நீர் விடாதையும்" என்றார். நான் விடப் போவதில்லை. கோயில் தொண்டைப் பற்றி எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் துவக்கைப் பற்றி எழுதுகிறேன்.

பிளாக்ஹவுஸ் பே கடைத்தெருவில் அவர் வேலை பார்த்த பார்மசியும் என் கிளினிக்கும் ஒரே வரிசையில் இருந்தன. ஒருநாள் வலது தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். சட்டையை விலக்கினால் தோள்முனையில் கறுத்து, ஓரமெல்லாம் மஞ்சள் படர்ந்து, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு காயம். அதைப் பார்த்தால் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும் என்பது எங்கள் தொழிலில் விதி. குரலைத் தாழ்த்தி, "வீட்ல எல்லாம் சரியா இருக்காக்கா? யாராச்சும் அடிக்கிறாங்களா? பயப்படாம சொல்லுங்க" என்றேன். அவர் கட்டிலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அவரோ? நுளம்பை அடிக்கிறதெண்டாலும் என்னட்டக் கேட்டுத்தான் அடிப்பார். இது துவக்கு அடிச்சது, தங்கச்சி." நான் நம்பவில்லை. அது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். காரில் காத்திருந்த கணேசன் அண்ணாவைக் கூப்பிட்டு, "இஞ்ச வாங்கோ, இவ உங்களைப் பொலிசில குடுக்கப் போறா" என்றார். வாசலில் வந்து நின்ற அந்த ஒல்லி மனிதர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். எதற்கென்று அவருக்கும் தெரியாது. அப்படித்தான் எங்கள் நட்பு தொடங்கியது.

அவருடைய துவக்கு குழல் வாய் வழியாக வெடிமருந்து இடிக்கிற வகை. எங்கள் ஊரில் நாட்டுத் துப்பாக்கி என்போம். வன்னியில் அதற்கு இடியன் என்று பெயராம். மருந்தைக் கொட்டி, குண்டை வைத்து, நீளக் கம்பியால் அடிவரை இடித்து, தீபாவளித் துப்பாக்கிக்குப் போடுவது போன்ற ஒரு சின்ன கேப்பை மாட்டிச் சுட வேண்டும். இதற்குக் குண்டு பல வகை. பழைய உருண்டை ஈயக் குண்டை எண்ணெய் தடவிய துணித் துண்டில் பொதிந்து இறக்கலாம். அதைவிட இரண்டு மடங்கு கனமான நீளக் குண்டு உண்டு. பிளாஸ்டிக் உறை போட்ட புது வகையும் உண்டு. அக்கா அதை வாங்கியது மான் வேட்டைக்கு. மான் என்றால் கனமானதுதான் வேண்டும் என்று துவக்குக் கடைக்காரர் நீளக் குண்டைக் கட்டிக் கொடுத்திருக்கிறார். கூடவே மருந்தும் தாராளமாகப் போடச் சொல்லியிருக்கிறார். கடைக்காரர் ஆறடி உயரம். அக்கா என் காதளவு. குண்டு கனக்கக் கனக்க, மருந்து ஏற ஏற, பின்னுதையும் ஏறும். அது அவருடைய தோளில் இறங்கியது.

எனக்குத் துப்பாக்கி தெரியாது. தோள் தெரியும். ஒரு சனிக்கிழமை சுடும் மைதானத்துக்குப் போய் அவர் சுடுவதைப் பார்த்தேன். தோளில் வைக்கும் மரக்கட்டை அவர் கைக்கு நீளமாக இருந்தது. அதனால் அது நெஞ்சுப்பக்கக் குழிவில் உட்காராமல் தோள்முனை எலும்பில் உட்கார்ந்தது. மேசையில் குனிந்து உட்கார்ந்து சுட்டதால் உடம்பு பின்னால் போக வழியில்லாமல் மொத்த உதையையும் எலும்பே வாங்கியது. "எந்திரிச்சு நின்னு சுடுங்கக்கா. முன்னால கொஞ்சம் சாயுங்க. அது தள்ளும்போது கூடவே போங்க, எதுத்து நிக்காதீங்க" என்றேன். பிறகு இன்னொன்று தோன்றியது. அக்காவைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, கணேசன் அண்ணாவிடம் சில தடவை மருந்தும் குண்டும் போட்டும், சில தடவை ஒன்றும் போடாமல் சுட்ட பழைய கேப்பை மட்டும் மாட்டியும் கொடுக்கச் சொன்னேன். வெறும் துவக்கு வந்தபோது, கேப்பை அடிக்கும் குதிரை 'டிக்' என்று விழுந்தது. குழல் ஒரு சாண் கீழே இறங்கியது. அக்காவின் கண்கள் இறுக மூடியிருந்தன.

வேறு யாராக இருந்தாலும் வெட்கப்பட்டிருப்பார்கள், அல்லது துவக்கைக் குறை சொல்லியிருப்பார்கள். அக்கா கண்ணைத் திறந்து, "பாத்தீரோ, வெடிக்க முதலே நான் ஓடிப்போட்டன்" என்றார். அன்றே நீளக் குண்டுப் பெட்டியைப் பக்கத்து மேசைக்காரருக்குக் கொடுத்துவிட்டார். கட்டையை வெட்டிக் குறைத்து, அடியில் ரப்பர் மெத்தை வைத்துக்கொண்டார். உருண்டைக் குண்டுக்கு மாறினார். மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, எந்த அளவில் கண் மூடவில்லையோ அந்த அளவில் நின்றார். பார்மசிக்காரியிடம் அளவைப் பற்றிச் சொல்லித்தரத் தேவையில்லை. மைதானத்து ஆண்கள் சிரித்தார்கள். அந்தக் குண்டு அணிலுக்குத்தான் சரி என்றார் ஒருவர். இந்த நாட்டில் அணிலே கிடையாது என்று அக்கா பதில் சொன்னார். திரும்பி வரும்போது காரில் என்னிடம், "தோள் பயந்தா கண் மூடும். கண் மூடினா மான் காயத்தோட ஓடும். அது எங்கையோ பத்தைக்குள்ள கிடந்து சாகிறதுக்கு இவையின்ர பெரிய குண்டு எனக்கு எதுக்கு?" என்றார். குண்டின் எடையை இப்படிப் பார்த்தவர் அந்த மைதானத்தில் எத்தனை பேர் என்று எனக்குச் சந்தேகம்தான்.

ஊர் வாய் சும்மா இருக்கவில்லை. கோயிலில் அன்னதானத்துக்குக் காய் வெட்டும்போது ஒரு அம்மா அவர் கையிலிருந்த கத்தியை வாங்கப் பார்த்தார். மான் உரித்த கையால் சாமி சாப்பாட்டுக்கு வெட்டக் கூடாதாம். அக்கா கத்தியைக் கொடுக்கவில்லை. "உங்கட வீட்டு ஃப்ரிட்ஜில கிடக்கிற கோழி தற்கொலை செய்ததோ?" என்று கேட்டுவிட்டுப் பூசணிக்காயைத் தொடர்ந்து வெட்டினார். நான் பிறவிச் சைவம். இறைச்சி மணம் எனக்கு இன்றும் ஒத்துக்கொள்ளாது. ஆனாலும் அன்று நான் போய் உட்கார்ந்தது அக்காவுக்குப் பக்கத்தில்தான்.

தமையனார் சொன்னதற்கு வருகிறேன். துவக்கால் பட்டது போதும் என்கிறார். அக்கா படவில்லையா? அவருடைய தம்பியை வீட்டு வாசலில் வைத்துச் சுட்டார்கள். யார் சுட்டார்கள் என்று அவர் எனக்குச் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. ஒருமுறை மட்டும், இத்தனை நவீனத் துப்பாக்கி இருக்க ஏன் இந்தப் பழசு என்று கேட்டேன். "அது ஒரு வெடிதான் வைக்கும். பிறகு நிண்டு மருந்து போட்டு, குண்டு இறக்கி, கம்பியால இடிச்சு, கேப் மாட்டோணும். அதுக்குள்ள மனுசனுக்குப் புத்தி வந்திடும். எங்கட ஊரில எல்லாருக்கும் இதைத்தான் குடுத்திருக்கோணும்" என்றார். துவக்கின் கொடுமை தெரியாமல் அவர் துவக்கைத் தொட்டதாக யாராவது சொன்னால், அவர்கள் அவரை அறியாதவர்கள்.

புக்கெகோஹி என்ற ஊருக்கு அப்பால் மலைச்சரிவில் ஒரு பண்ணைக்கு என்னையும் ஒருமுறை கூட்டிப் போனார். மான்கள் பெருகிப் புல்லைத் தின்று தீர்க்கின்றன என்று பண்ணைக்காரர் நொந்துபோயிருந்தார். பள்ளத்துக்கு எதிர்ச்சரிவில் ஒரு பெரிய மான் பக்கவாட்டில் நின்றது. சுடு என்று பண்ணைக்காரர் கிசுகிசுத்தார். அக்கா தலையாட்டி மறுத்தார். கனமான குண்டு போட்டிருந்தால் இவ்வளவு தூரத்திலிருந்தும் மான் விழுந்திருக்கும் என்று பண்ணைக்காரர் முணுமுணுக்க, அக்கா என் காதில், "குண்டைக் குறைச்சால் நடையைக் கூட்டோணும்" என்றார். பிறகு அந்தப் பள்ளத்தில் இறங்கி, காற்று முகத்தில் படுகிற பக்கமாகச் சுற்றி, சேற்றில் முழங்காலும் கையுமாக ஊர்ந்து போனார். எனக்கு இடுப்பு வலிக்கும் அளவுக்கு நேரம் ஆனது. மானுக்கு மிக அருகில், ஒரு பாறையோரம் எழுந்து உட்கார்ந்தார். ஒரு வெடி. வெள்ளைப் புகை. புகை கலைந்தபோது மான் நின்ற இடத்திலேயே விழுந்து கிடந்தது.

அவர் ஓடவில்லை. முதலில் மறுபடியும் மருந்து போட்டு இடித்தார். உயிர் மிச்சமிருந்தால் அதைக் காக்க வைக்கக் கூடாதல்லவா. பிறகு போய்த் தொட்டுப் பார்த்தார். நான் அங்கே போய்ச் சேர்ந்தபோது அழுதுகொண்டிருந்தேன். "சைவக்காரி, அந்தத் தண்ணிப் போத்திலைத் தாரும்" என்றார், அவ்வளவுதான். அன்றிரவு ஹில்ஸ்பரோவில் அவர்கள் வீட்டில் கணேசன் அண்ணா வழக்கம்போல வெந்நீரும் சோப்பும் ஊற்றிக் குழலைக் கழுவினார். மருந்துக் கசடின் அழுகிய முட்டை நாற்றம் வீடெல்லாம் அடித்தது. மாயா மூக்கைப் பிடித்துக்கொண்டு மாடிக்கு ஓடினாள். அந்த வீட்டில் நான் பார்த்த சந்தோஷமான மாலைகளில் அதுவும் ஒன்று.

இதுவரை எழுதியதைப் போன ஞாயிற்றுக்கிழமை அதே வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இனி வருவது அதன்பின் சேர்த்தது. தமையனார் மேசையில் உட்கார்ந்து நிதானமாக வாசித்தார். முடித்துக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "இது வந்தால் என்ர பேர் இந்தப் புத்தகத்தில இருக்கக் கூடாது, கணேசு" என்றார். கணேசன் அண்ணா தன் தமையனை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி நான் பார்த்ததில்லை. பார்க்கப்போவதில்லை என்றுதான் நினைத்தேன்.

நினைவு மலரின் முதல் பக்கத்தில், இறந்தவர் யாருக்கு யார் என்று உறவுகளை அடுக்கி 'ஆவார்' என்று முடிக்கும் ஒரு வரி உண்டு. அச்சகத்துக்குப் போக வேண்டிய தாளில் அந்த வரியை எடுத்து வைத்துக்கொண்டு கணேசன் அண்ணா பேனாவைத் திறந்தார். "சரி அண்ணா. உங்கட பேரை எடுக்கிறன். அவவின்ர பேரில கை வைக்கேலாது" என்றார். மைத்துனி என்று வரும் இடத்தில் தமையனாரின் பெயரை ஒரு கோடு போட்டு அடித்தார். அதோடு நிற்கவில்லை. வரியின் முடிவுக்குப் போய், இடமில்லாத இடத்தில் நெருக்கி ஒரு சொல்லை எழுதி, தாளை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். 'சுகிர்தா, கணேசனின் அன்பு மனைவியும், மாயாவின் பாசமிகு தாயாரும், வேட்டைக்காரியும் ஆவார்.' தமையனார் அதை வாசித்தார். எழுந்து போகவில்லை. ஆறிப்போன தேத்தண்ணியைக் குடித்து முடித்தார்.

அக்காவின் நினைவாக எதையாவது எடுத்துக்கொள்ளும்படி மாயா சொன்னாள். கணேசன் அண்ணாவின் கையெழுத்தில் அந்தச் சொல் இருக்கும் தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அச்சகத்துக்கு நகல்தான் போயிருக்கிறது. அசல் என்னிடம் இருக்கிறது. யார் கேட்டாலும் தர மாட்டேன்.