வாசலில் தொங்கிய கற்றாழை

எனக்குச் செடிப் பைத்தியம். பெரம்பலூரில் எங்கள் வீட்டில் ஆள் உட்கார இடம் இருக்கிறதோ இல்லையோ, தொட்டி வைக்க இடம் இருக்கும். என் மாமியாருக்குப் பூனைப் பைத்தியம். மாமனார் போன பிறகு, ரெட்டிபாளையத்தில் தனியாக இருக்க வேண்டாம் என்று கெஞ்சிக் கூத்தாடி அவரை அழைத்து வந்தோம். பஸ்ஸில் மடியில் ஒரு கூடை, கூடைக்குள் வெள்ளைப் பூனை. வீட்டுக்குள் நுழைந்த கையோடு கண்டிஷனைச் சொல்லிவிட்டார்.

"இதுக்கு இந்த வூடு புடிச்சா நானும் இருப்பேன். இல்லன்னா ரெண்டு பேரும் கெளம்பிருவோம்."

பூனைக்கு வீடு பிடித்துவிட்டது. எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. அதை வெளியே சொல்லத்தான் கூச்சம். மாமியாரைப் பிடிக்கும் என்று ஒருத்தி சொன்னால் தெருவில் யார் நம்புவார்கள்? கணவர் வேலைக்குப் போனதும், சீரியலில் வரும் மாமியாரையும் மருமகளையும் சேர்ந்து திட்டிக்கொண்டே நாங்கள் காய் நறுக்குவோம். அத்தை வருவதற்கு முன்பு பகலெல்லாம் நான் பேசியது செடிகளோடுதான்.

ஒரு நாள் பக்கத்து வீட்டு அக்கா வந்து, பூனை என்ன இப்படிக் கொழுகொழுவென்று இருக்கிறது என்று ஆசையாகச் சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான். மறுநாள் காலையில் அத்தை என் தொட்டியிலிருந்து ஒரு கற்றாழையை வேரோடு பிடுங்கி, மஞ்சள் குங்குமம் வைத்து, திருஷ்டி படாமலிருக்க வாசல் நிலையில் தலைகீழாகக் கட்டிவிட்டார். அது காற்றில் ஆடியது. ஆடுகிற எதையும் பூனை சும்மா விடுமா? ஜன்னலில் நின்று எட்டி எட்டி அடித்தது. நாங்கள் பார்த்துச் சிரித்தோம். கடித்தும் தின்கிறது என்பது எங்களுக்குத் தெரியாது.

சாயங்காலம் பூனை வாந்தி எடுத்தது. கண் பட்டுவிட்டது என்றார் அத்தை. உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டதில் வீடே இருமியது. மறுநாளும் வாந்தி நிற்கவில்லை. ஒரு கற்றாழை போதாது என்று முடிவு செய்து, இன்னும் பெரியதாக ஒன்றைப் பிடுங்கி, பூனை படுக்கும் ஜன்னல் கம்பியிலேயே கட்டினார். நான்தான் நூல் எடுத்துக் கொடுத்தேன். அதற்குப் பிறகு பேதியும் சேர்ந்துகொண்டது. பூனை கட்டிலுக்கு அடியில் போய்ச் சுருண்டது. நெத்திலி வைத்தும் திரும்பிப் பார்க்கவில்லை. அத்தை தன் புடவைகளை மடித்துப் பையில் வைக்கத் தொடங்கினார்.

பூனையைக் கூடையில் போட்டு, அத்தையை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆடு மாடுகளுக்கு நடுவே எங்கள் முறை வந்தது. டாக்டரம்மா பூனையின் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, வீட்டில் என்னென்ன செடி இருக்கிறது என்று கேட்டார். செடி என்றதும் எனக்கு இடம் பொருள் எல்லாம் மறந்துவிட்டது. அரளி, மணி பிளான்ட், நர்சரியில் வாங்கிய லில்லி, வாசலில் கட்டிய கற்றாழை என்று பெருமையாக அடுக்கினேன்.

"நீங்க சொன்னது எல்லாமே பூனைக்கு வெஷம்ங்க," என்றார்.

கற்றாழைத் தோலுக்கு அடியில் இருக்கும் மஞ்சள் பால்தான் இந்த வாந்திக்கும் பேதிக்கும் காரணம், நல்லவேளை அதோடு போயிற்று என்றார். மணி பிளான்ட் வாயைப் புண்ணாக்குமாம், லில்லி சிறுநீரகத்தைக் கெடுக்குமாம், அரளியைத் தின்றால் இதயமே நின்றுவிடக்கூடுமாம். முற்றத்தில் நிற்கும் செம்பருத்தியைப் பற்றியும் கேட்டேன், அதனால் பயமில்லையாம். ஊசி போட்டு, குளுக்கோஸ் ஏற்றி, பிழைத்துக்கொள்ளும், செடிகளை மட்டும் எட்டாத இடத்தில் வையுங்கள் என்று அனுப்பினார். எட்டாத இடத்துக்கு நான் எங்கே போவது? எங்கள் பூனை தூங்குவதே பீரோவுக்கு மேலேதான்.

வீட்டுக்கு வந்ததும் இரண்டு கற்றாழைகளையும் அத்தையே அறுத்துப் போட்டார். நான் கடப்பாரையோடு அரளியிடம் போனேன். வேரைத் தோண்டுவதற்குள் அழுகையே வந்துவிட்டது. லில்லி, பூனை இல்லாத என் தங்கை வீட்டுக்குப் போயிற்று. மணி பிளான்ட்டைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் நீட்டினால் வாங்க மறுத்தார். திருடி வைத்தால்தான் அது விளங்குமாம். சரி, நான் தூங்கும்போது வந்து திருடிக்கொள்ளுங்கள் என்றேன். மத்தியானம் நான் கண்ணை மூடிப் படுத்திருக்க, அவர் பூனை மாதிரி வந்து தூக்கிக்கொண்டு போனார். தொட்டியையும் சேர்த்துத் தருவதாக நான் சொல்லவே இல்லை.

பூனை மெல்லத் தேறியது. நெத்திலியை முகர்ந்து பார்த்து, ஒன்றைத் தின்று, அடுத்ததுக்குக் கத்தியது. அத்தையின் பை மட்டும் கட்டியபடியே கிடந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பயம். கடைசியில் தாங்க முடியாமல், ஊருக்குப் போகப் போகிறீர்களா என்று கேட்டேவிட்டேன்.

அத்தை பூனையை மடியிலிருந்து இறக்கிவிட்டார். செம்பருத்தி மட்டும் நின்ற முற்றத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீ பேசிக்கிட்டிருந்த செடியெல்லாம் தூக்கிக் குடுத்துட்ட. நானும் போயிட்டா யாருகிட்ட பேசுவ?"