மஞ்சக்குட்டிக்கு ஒரு தட்டு மணல்

"மேரி, அந்த மணல்ல ஒரு பிடி கூட வீசக்கூடாது. சொல்லிட்டேன்!"

பிரிக்ஃபீல்ட்ஸில் இருந்த பல் கிளினிக்கைக் கிள்ளானுக்கு மாற்றிய அன்று, டாக்டர் வாய் திறந்ததும் சொன்னது இதுதான். அவருடைய கடல்மீன் தொட்டியைப் பல வருடமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். மறுநாள் காலை நல்ல நேரத்தில் புது இடத்தில் பால் காய்ச்சுகிறார்கள். விருந்தாளிகள் வருமுன் கோரல் என்கிற பவளமும் மீனுமாகத் தொட்டி ஓட வேண்டும்.

கறுப்பு மணல்

பழைய மணலைக் கிளறிப் மறுபடி தொட்டியில் கொட்டுவது கொலை. நான் ஒப்புக்கொள்ளவில்லை.

"அதுலதான் நல்ல பாக்டீரியா இருக்கு லா. யூடியூப்ல பாத்தேன்."

"தொட்டிக்குள்ள இருக்கிற பாறையிலயும் இருக்கு டாக்டர். பாறையை ஈரம் காயாம கொண்டு போறேன். அது போதும்."

மனிதர் மசியவில்லை. தொட்டியின் அடியில் கறுத்துக் கிடந்த மணலை ஒரு கப்பில் அள்ளி அவர் மூக்குக்கு நேராக நீட்டினேன்.

"அலாமாக்! அழுகின முட்டை நாத்தம்!"

"அடியில மக்கிப்போன அழுக்கு. இதைக் கலக்கிவிட்டா, நாளைக்குப் பால் பொங்குறப்போ மீனெல்லாம் செத்து மிதக்கும்."

"சரி, புது மணல் போடு."

அதற்கும் மாட்டேன் என்றேன். கோரலுக்காக அலை எழுப்பும் வேவ்மேக்கர் இரண்டு வைத்துத் தண்ணீரை வேகமாக ஓட்டுகிறோம். அந்த வேகத்தில் மணல் பறந்து கோரல் மேல் படியும். அடியில் வெறும் கண்ணாடி இருந்தால் அழுக்கைப் பார்த்து உறிஞ்சிவிடலாம்.

"மொட்டையா இருக்குமே, மேரி!"

"தைப்பூசத்துக்கு நீங்க மொட்டை போட்டா அழகு, தொட்டிக்குப் போட்டா அசிங்கமா?"

சிரிக்க வந்தவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். "அப்போ மஞ்சக்குட்டி எங்க தூங்கும்?"

மஞ்சக்குட்டி ஒரு விரல் நீள மீன், ராஸ் வகை. விளக்கு அணைந்தால் மணலுக்குள் புதைந்துதான் தூங்கும். பல் பிடுங்க வந்து அழுகிற பிள்ளைகளை அதைக் காட்டித்தான் டாக்டர் சமாதானப்படுத்துவார். அவருக்கு அது செல்லம். எனக்கும்தான்.

"அதுக்கு நான் பொறுப்பு," என்றேன்.

லோரி ஏற்றும் முன் பழைய மணல் முழுவதையும் விரலால் அலசி, உள்ளே பதுங்கியிருந்த மஞ்சக்குட்டியை உயிரோடு எடுத்துவிட்டு, மணலை வீசினேன்.

அகார்-அகார் தட்டு

கிள்ளானில் தொட்டியை நிறுத்தியதும் சாப்பாடு வைக்கிற பேன்ட்ரிக்குப் போனேன். டாக்டரின் மனைவி ராணி அக்கா மறுநாள் விருந்துக்கு ஆழமான கண்ணாடித் தட்டில் அகார்-அகார் ஜெல்லி ஊற்றி வைத்திருந்தார்.

"அக்கா, இந்தத் தட்டு வேணும். மீனுக்கு."

"உனக்கென்ன பைத்தியமா? என் நல்ல தட்டுடி!" என்று திட்டிக்கொண்டே அகார்-அகாரை வெட்டி வேறு தட்டுக்கு மாற்றினார்.

புது மணலைக் கழுவித் தட்டு நிறைய நிரப்பி, வேகம் குறைந்த மூலையில் பாறைக்குப் பின்னால் வைத்தேன். மஞ்சக்குட்டியை விட்டதும் தலைகீழாகப் பாய்ந்து மணலுக்குள் மறைந்தது.

காலையில் பால் பொங்கியது. விருந்தாளிகள் தொட்டியைச் சுற்றி நின்று படம் பிடித்தார்கள். மஞ்சக்குட்டி மட்டும் வெளியே வரவில்லை.

டாக்டர் என்னைத் தனியே இழுத்தார். "செத்துப்போச்சு மேரி. அந்தத் தட்டு மணல் பத்தல. நான் தோண்டிப் பாக்கப்போறேன்." சட்டைக் கையை மடித்தார்.

தொட்டிக்கு முன்னால் போய் நின்றேன். "கை வைக்காதீங்க டாக்டர். இடம் மாறின பயத்துல ஒளிஞ்சிருக்கு. தோண்டினீங்கன்னா பயத்துலயே போயிடும்."

"செத்திருந்தா?"

"செத்திருந்தா இனிமே உங்க தொட்டியை நான் தொட மாட்டேன்."

வாய் சொல்லிவிட்டது. மாதாவே, மானத்தைக் காப்பாத்து என்று வேண்டிக்கொண்டேன். சாப்பாடு முடிந்து எல்லாரும் கிளம்பும்வரை நான் அசையவில்லை. டாக்டரும் போகவில்லை.

ராணி அக்காதான் முதலில் பார்த்தார். "ஏங்க, மணல்ல ஒரு கண்ணு தெரியுது!"

ஒரே ஒரு கண். இங்குமங்கும் உருட்டி எங்களைப் பார்த்தது. டாக்டர் கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு, "வாடா கண்ணு, வா," என்றார். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களே, மணலா, வெறும் கண்ணாடியா என்று கஸ்டமர் கேட்டால் சட்டென்று பதில் சொல்லிவிடாதீர்கள். தொட்டியில் யார் யார் இருக்கிறார்கள், விளக்கை அணைத்தால் யார் எங்கே படுப்பார்கள் என்று விசாரியுங்கள். அதன்பிறகு ஒரு முடிவெடுங்கள். எடுத்தபின், டாக்டரே சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தாலும் வழி விடாதீர்கள்.